இடது கைக்கு ஒரு குறிப்பாணை

தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 7, உட்பிரிவு 1: விண்ணப்பம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் பொதுத் தகவல் அலுவலர் தகவலைத் தர வேண்டும், அல்லது மறுத்து அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். கேட்கப்படும் தகவல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ சார்ந்தது என்றால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தர வேண்டும். இந்த இரண்டாவது வாக்கியத்தை என் விண்ணப்பத்தில் அடிக்கோடிட்டே எழுதியிருந்தேன். விண்ணப்பத்தில் குறிப்பிட்ட மனிதர் ஏற்கெனவே இறந்துபோயிருந்ததால், உயிர் பற்றிய வாசகம் அவருக்குப் பொருந்தாது என்று அந்த அலுவலகம் முடிவு செய்திருக்கலாம். தர்க்கத்தில் பிழையில்லை.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. எங்கள் ஊர் ஏரியில் சவுடு மண் அள்ளுவதற்கு அனுமதிக்கப்பட்ட ஆழம் எத்தனை அடி?

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருக்கிறது. நான் அந்தப் பேட்டையில் ஒரு ரோலிங் மில்லின் பணியாளர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வருகை, விடுப்பு, விபத்து, விசாரணை, வேலைநீக்கம் ஆகிய எல்லாவற்றுக்கும் படிவம் வைத்திருந்த மேஜை என்னுடையது. புதிதாக வரும் கம்பெனிகளுக்கும் கிடங்குகளுக்கும் மனையை மேடாக்க மண் வேண்டும். அந்த மண் ஏரியில் இருக்கிறது. கோடை முழுவதும் லாரிகள் அள்ளின. எவ்வளவு அள்ளுகிறார்கள் என்று கரையில் நின்று பார்த்தால் தெரியும். லாரி உள்ளே இறங்கினால் அதன் கூரை கண்ணுக்குத் தெரியாது.

முதல் மழையில் ஏரி நிரம்பியது. தண்ணீர் வந்துவிட்டால் எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டு வெல்டர், இரவு ஷிப்ட் முடித்து வந்தவர், சோப்பும் துண்டுமாகக் குளிக்கப் போனார். சின்ன வயதிலிருந்து அவர் குளித்த படித்துறைதான். முழங்கால் அளவு என்று நினைத்த இடத்தில் கால் வைத்தார். துண்டு மட்டும் மேலே வந்தது.

தீயணைப்புக்காரர்கள் வரத் தாமதமானதால் ஊர்க்காரர்களே பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் கொக்கி அது. முதல் முறை சட்டை மாட்டிக் கிழிந்தது. இரண்டாவது முறை தொடையில் மாட்டியது. அப்படித்தான் அவரை இழுத்தார்கள். கம்பெனி சீருடையோடு வேலையிலிருந்து ஓடிவந்த அவர் மனைவி அந்தக் கொக்கியைப் பார்த்துவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டாள். காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"எத்தினி அடி தோண்டலாம்னு யாருனா எழுதி வெச்சிருப்பாங்க இல்ல சார்?"

"எழுதி வைக்காம ஒரு லாரிகூட இறங்காதும்மா."

"அத மட்டும் கேட்டு சொல்லு சார். வேற ஒண்ணியும் வாணாம். அந்தாளு குடிச்சிட்டு எறங்குனான்னு சொல்லினுகீறானுங்க. அவுரு நீச்ச தெரியாதவரு இல்ல. எத்தினி அடின்னு தெரிஞ்சா போதும்."

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு எண். என்னால் வாங்கித்தர முடிந்த ஒரே பொருளும் அதுதான். அன்றைக்கே விண்ணப்பத்தை என் கையால் எழுதினேன். எனக்கு அச்சடித்தது போன்ற கையெழுத்து. மில்லில் சுற்றறிக்கை என்றால் என்னைத்தான் எழுதச் சொல்வார்கள். அது எப்படி வந்தது என்பது வேறு கதை, அதற்கும் வருவேன்.

அதே சட்டத்தில் பிரிவு 11 என்று ஒன்று உண்டு. தகவல் மூன்றாம் தரப்பைப் பற்றியது, அவர் அதை இரகசியமாகக் கருதியிருக்கிறார் என்றால், விண்ணப்பம் வந்த ஐந்து நாட்களுக்குள் அவருக்கு அறிவிப்பு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். ஏரியில் எத்தனை அடி தோண்டலாம் என்பது இரகசியமாம். எனக்கு முப்பது நாட்களிலும் பதில் தராத அலுவலகம் இந்த ஐந்து நாள் கெடுவை மட்டும் தவறாமல் காப்பாற்றியது. என் பெயர், கதவு எண், தெரு எல்லாம் கொண்ட விண்ணப்பத்தின் நகல் மண் அள்ளும் ஒப்பந்தக்காரரிடம் முறைப்படி போய்ச் சேர்ந்தது. அவருடைய கருத்து என்னிடம் நேரில் வந்தது.

ரயில்வே கேட் அருகில், காலை ஷிப்ட்டுக்குப் போகிற நேரம். கேட் போட்டிருந்தார்கள். நினைவூட்டுக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பப் போய்க்கொண்டிருந்தேன். சுற்றிலும் பைக்குகள், கம்பெனி வேன்கள், வேர்க்கடலை விற்கும் அம்மா ஒருத்தி. ஒரு பைக் என்னை உரசி நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் இறங்கினான். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தலைமுடியை ஒட்ட வெட்டி, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டைக் கயிறு மாதிரி ஏதோ போட்டிருந்தான்.

"பெருசு, ஏரி மேட்டருல மனு போட்டது நீதான?"

"மனு இல்ல. விண்ணப்பம்."

"ரெண்டுக்கும் இன்னா டிஃபரன்ஸு?"

"மனுன்னா கெஞ்சுறது. இது கேக்குறது."

பைக்கை ஓட்டி வந்தவன் சிரித்தான். "டேய், வாத்தியாரு மாதிரி பேசுதுடா."

"கேட்டியா? எந்தக் கையால கேட்ட?" என்றான் இவன். முதுகுப் பக்கம் சட்டைக்குள்ளிருந்து அரிவாளை எடுத்தான். "சோத்தாங்கைய நீட்டு."

நான் நீட்டவில்லை. அவனே என் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்து பைக் சீட்டின் மேல் வைத்தான். அவன் உட்கார்ந்திருந்த சூடு சீட்டில் இன்னும் இருந்தது நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சமயத்தில் சென்னை போகும் ரயில் வந்தது. முதல் வெட்டு எலும்பில் நின்றது. அரிவாளை அசைத்து எடுத்துவிட்டு இரண்டாவது வெட்டினான். ரயில் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவன் என் காதருகே குனிந்து கத்தியது மட்டும் கேட்டது.

"இனிமே எழுதுவியா? எழுது பாப்போம்!"

கடைசிப் பெட்டி போவதற்குள் பைக் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. கேட் திறந்தது. பைக்குகள் கிளம்பின. என் கை தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டேன். வேர்க்கடலை அம்மா கூடையைப் போட்டுவிட்டு வந்து தன் துண்டால் முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள்.

"யக்கா, தொடாத. போலீசு கேசு ஆவும்" என்றான் ஒருவன், வண்டியை நிறுத்தாமலே.

"போடா பேமானி. உன் கை போனா தெரியும் உனுக்கு" என்றாள் அவள்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் மிச்சத்தையும் எடுத்தார்கள். ஒட்ட வைக்க நேரம் கடந்துவிட்டதாம். படுக்கையில் கிடந்தபடி எனக்கு மனதில் ஓடியது இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை. மில்லில் எத்தனை பேருக்கு அதைப் புரட்டியிருக்கிறேன். ரோலரில் சிக்கியவை, கத்தரி இயந்திரத்தில் விழுந்தவை, சூடான கம்பி சுற்றி எடுத்தவை. ஆள்காட்டி விரல் இத்தனை, கட்டை விரல் இத்தனை. மணிக்கட்டோடு ஒரு கை போனால் சம்பாதிக்கும் திறனில் அறுபது சதவீத இழப்பு. எந்தக் கை என்று அட்டவணை கேட்பதில்லை. ஆக, நான் நாற்பது சதவீதம் பாக்கி.

வாக்குமூலம் வாங்க வந்த தலைமைக் காவலர் நல்லவர். நான் சொன்னதை ஒழுங்காக எழுதி, படித்தும் காட்டினார். ஒரு இடத்தில் பிரிவு எண்ணைத் திருத்தினேன். ஏற்றுக்கொண்டார். கடைசியில் தயங்கினார்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. ரேக வெச்சிக்கலாமா?"

மைப்பெட்டியை நெஞ்சின் மேல் வைத்து என் இடது கட்டை விரலை எடுத்து அழுத்தினார். அதற்குக் கீழே "இடது பெருவிரல் ரேகை" என்று எழுதி, பக்கத்தில் என் பெயரையும் அவரே எழுதினார். என் பெயரை இன்னொருவர் எழுதுவதை நான் பார்த்தேன். இரண்டு பட்டங்களும் தொழிலாளர் சட்டத்தில் ஒரு பட்டயமும் வாங்கியவன். அந்த நிமிடத்தில்தான் முடிவு செய்தேன். வெட்டியவன் ஒரு கேள்வி கேட்டிருக்கிறான், எழுதுவியா என்று. கேட்ட கேள்விக்கு எழுத்துமூலம் பதில் தருவது என் தொழில்.

இதற்கு அவசியமே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். எழுத முடியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் தகவல் அலுவலரே எழுதிக்கொள்ள உதவ வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தட்டச்சு செய்து தர தெருவுக்கு ஒரு கடை இருக்கிறது. என் மனைவி ஆரம்பாக்கத்துக்காரி. அவள் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தாலும் பிழை இருக்காது.

"நீங்க சொல்லுங்க, நா எழுதறேன்" என்றாள்.

"வேண்டாம்."

"அப்ப உட்டுத் தொலைங்க. இருக்குற ஒரு கையாச்சும் தங்கட்டும். அவனுங்க ஏரியத் தோண்டட்டும், கடலத் தோண்டட்டும்."

"நான் எழுதணும். என் கையால."

"எந்தக் கையால?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக அழுதாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. எனக்கே மறந்துபோயிருந்தது. நான் பிறவியில் இடது கைக்காரன்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் வாரமே ஆசிரியர் அதைக் கண்டுபிடித்தார். இரும்பு விளிம்பு வைத்த அடிக்கோலைத் திருப்பிப் பிடித்து விரல் கணுக்களில் அடிப்பார். "பீச்சாங்கையால சரஸ்வதியத் தொடுறியாடா?" பென்சில் எடுத்தால் அடி. எடுக்கப் போனால் அடி. வீட்டில் சொன்னால் அங்கே ஒரு அடி கூடுதல். அப்புறம் இடது கையைத் துண்டால் பெஞ்சுக் காலில் கட்டிப்போட்டார். துண்டை அவிழ்க்கும்போது விரல்கள் நீலமாக இருக்கும். என் அச்செழுத்துக் கையெழுத்து இப்படி வந்தது. வருடக்கணக்கில் அடித்து வாங்கிய வலது கையை ஒருவன் இரண்டு வெட்டில் எடுத்துக்கொண்டு போனான். மிஞ்சியது, உண்மையில் எழுதப் பிறந்த கை. அவனுக்கு இது தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று நினைத்து ஆஸ்பத்திரியில் சிரித்தேன். நர்ஸ் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டாள்.

சிரிப்பு வீட்டுக்கு வரும்வரைதான் இருந்தது. மேஜையில் உட்கார்ந்து இடது கையில் பேனாவை எடுத்தேன். முனை தாளைத் தொடப் போகும்போது கை தானாகப் பின்னால் துள்ளியது. சூடான இரும்பைத் தொட்டது போல. மறுபடி எடுத்தேன். மறுபடி துள்ளியது. தம்ளரைப் பிடிக்கும்போது இல்லை, பல் துலக்கும்போது இல்லை. பேனாவும் தாளும் சேர்ந்தால் மட்டும். அடிக்கோல் எங்கிருந்தோ இறங்கப்போகிறது என்று அந்தக் கை இத்தனை வருடமாகக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஆசிரியர் செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. கைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

அன்றிரவு மனைவியிடம் அடிக்கோல் கதையைச் சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். ஒழுங்கு என்றால் என் தொழிலில் ஒழுங்கு நடவடிக்கை. காலை காபிக்கு முன்பு பயிற்சி, மாலை விளக்கு வைக்கும் முன்பு பயிற்சி. வராத நாளுக்கு விளக்கம் கேட்கப்படும். என் இடது கைக்கு ஒரு குறிப்பாணையை மனைவியிடம் வாயால் சொல்லி எழுதவே வைத்தேன்: தங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பணியை வேண்டுமென்றே செய்யத் தவறியமைக்காக ஏன் தங்கள் மீது நடவடிக்கை எடுக்கக்கூடாது.

"நகல் யாருக்கு அனுப்பணும்?" என்று கேட்டாள்.

"வலது கைக்கு."

"அது சுடுகாட்டுல கீது. பதிவுத் தபால் போவாது."

இந்த வேடிக்கை சில வாரங்கள்கூடத் தாங்கவில்லை. கை மசியவில்லை. இல்லாத வலது கையில் விரல்கள் இன்னும் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தன. பிடி இறுகி, நகம் உள்ளங்கையில் பதிந்து வலிக்கும். விரிக்க முடியாது, ஏனென்றால் அங்கே கையே இல்லை. இருக்கிற கை எழுத மறுக்கிறது, இல்லாத கை பேனாவை விட மறுக்கிறது. ஒரு காலையில் பேனாவை சுவரில் அடித்தேன். மைப்புட்டியை அடித்தேன். காபி தம்ளர், மேஜை விளக்கு, பூட்டியிருந்த கண்ணாடி அலமாரி. அதன் பிறகு இடது கையை மேஜையின் விளிம்பில் கொண்டுபோய் மோத ஆரம்பித்தேன். கணுக்களில், அதே இடத்தில். ரத்தம் வந்தது. நிறுத்த முடியவில்லை. இன்னும் சொன்னால் நிறுத்த விருப்பமில்லை. "எழுது, எழுது" என்று கத்திக்கொண்டே அடித்தேன்.

மனைவி வந்து என் கையை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் புடவையெல்லாம் மையும் ரத்தமும்.

"அந்த வாத்தி அடிச்சது போதாதுன்னு நீங்க வேற வாத்தியாயிட்டீங்களா? அவன் அடிச்சிதான அது பயந்துகீது. மறுபடி அடிச்சா எழுதுமா?" என்றாள். பிறகு தரையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்து, "இத நீங்களே பெருக்குங்க. பீச்சாங்கையால" என்றாள்.

பெருக்கினேன். அதுதான் அந்தக் கை செய்த முதல் உருப்படியான வேலை. பெருக்கும்போது ஒன்று தோன்றியது. அந்தக் கையை அடித்தவை எல்லாம் மேஜையிலும் பெஞ்சிலும்தான் அடித்தன. திறந்த வெளியில் யாரும் அதை அடித்ததில்லை. அரிவாள்கூட மற்றதைத்தான் தேடிவந்தது.

மறுநாள் காலை ஏரிக்குப் போனேன். தண்ணீர் வற்ற ஆரம்பித்திருந்தது. ஓரத்தில் வழுவழுவென்று சேறு. நடுவில் பச்சையாகக் குழி, அதைச் சுற்றி யாரோ சவுக்குக் கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள், ஒரு ஆள் செத்த பிறகு செய்யவேண்டிய முறைப்படி. முள் உதிர்ந்த வேலிக்காத்தான் குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு குனிந்தேன். கை துள்ளவில்லை. அதற்கு அது எழுத்து என்று தெரியவில்லை, ஏதோ கிண்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டது. 'எ' போட்டேன். ஒரு ஆள் உயரத்துக்கு வந்தது. 'எத்தனை அடி' என்று எழுதி முடிக்க மூச்சு வாங்கியது. கோணல்மாணலாக, சின்னப் பிள்ளை எழுதிய மாதிரி. ஆனால் எழுத்து.

அன்றிலிருந்து தினமும் போனேன். காய்ச்சல் அடித்த நாளிலும் போனேன். மனைவி முன்வாசலைப் பூட்டிய நாளில் பின்வாசல் வழியாகப் போனேன். எழுத்துகள் மெல்ல மெல்லச் சிறுத்தன. சேற்றிலிருந்து மணலுக்கு வந்தேன், மணலிலிருந்து அட்டைக்கு, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கரித்துண்டால். மேஜையை மட்டும் தொடவில்லை. என் வேலைக்காலத்தில் யாரையாவது இப்படித் தட்டிக்கொடுத்து நடத்தியிருந்தால் மேலதிகாரி என்னைத் திட்டியிருப்பார்.

லாரிகள் நிற்கவில்லை. வேறு மூலையில் அள்ளிக்கொண்டிருந்தன. ஒரு நாள் கிளீனர் பக்கத்திலிருந்து ஒருவன் குதித்து என்னிடம் வந்தான். நடையை வைத்தே தெரிந்துவிட்டது. அரிவாள் பிடித்தவன். ஜாமீனில் வந்திருந்தான். தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. என் கையை எடுத்தவன், நீதிமன்றத்தின் உத்தரவால் தினமும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா பெருசு, மண்ண நோண்டினுகீற?"

  வெட்டின சத்தம் காதுக்குள் கேட்டது. கால்கள் தாமாக ஓடப் பார்த்தன, சேறு விடவில்லை. அவன் என்னைச் சுற்றி வந்து எழுத்தை நேராகப் பார்த்தான். எழுத்துக்கூட்டினான்.

"எத்...தனை... அடி. தே, இன்னும் அதே கேள்வியா?" பிறகுதான் எந்தக் கை என்று கவனித்தான். "பீச்சாங்கையிலயா எழுதற?"

"அதான் என் கை. நீ எடுத்தது வாத்தியார் குடுத்தது."

"லூசாயிட்டியா பெருசு?" உண்மையாகவே கேட்டான். "த பாரு, எனுக்கும் உனுக்கும் இன்னா பக? சொன்னாங்கோ, செஞ்சேன். உன்னால டெய்லி ஸ்டேஷன்ல போய் குந்தினுகீறேன். வேற வேலைக்குப் போவ முடில. செம பேஜாரு."

"கையெழுத்து நல்லா வருதா?"

அவன் முகம் மாறியது. சட்டைக்குப் பின்னால் கை போனது. எதுவும் இல்லை அங்கே, பழக்கம். பிறகு என் கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். முகம் சேற்றில் புதைந்தது. தலையை அழுத்திப் பிடித்தபடி முதுகில் முழங்காலை ஊன்றினான். வாய்க்குள் சேறு போனது. வெல்டருக்கும் கடைசியில் இந்த ருசிதான் இருந்திருக்கும். "இதையும் எடுத்துருவேன். சொல்லிட்டேன்" என்று என் இடது கையைச் செருப்புக் காலால் மிதித்துத் திருகினான். லாரி டிரைவர் ஹாரன் அடித்து, "டேய், பெயில் போயிரும்டா, வா" என்று கத்தினார். எழுந்து போனான். போகிற வழியில் லாரியை என் எழுத்தின் மேல் ஓட்டச் சொன்னான். ஓட்டினார்கள்.

நான் எழுந்து உட்கார்ந்து சேற்றைத் துப்பினேன். குச்சி இன்னும் இடது கையில் இருந்தது. அவன் மிதித்தும் விட்டிருக்கவில்லை. டயர் தடம் சேற்றை நன்றாகச் சமப்படுத்தியிருந்தது. அதன் மேலேயே திரும்ப எழுதினேன். இந்தத் தடவை ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

வீட்டுக்கு வந்து, வீங்கிய விரல்களோடு நேராக மேஜைக்குப் போனேன். பேனாவை எடுத்தேன். முனை தாளைத் தொட்டது. கை துள்ளாமல் நின்றது. ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு வாங்க வேண்டிய அடியை முன்கூட்டியே வாங்கிவிட்டது என்று கணக்குப் போட்டிருக்கலாம். பழக்கமோ பிடிவாதமோ, எதுவென்று நான் விசாரணை வைக்கவில்லை. எழுதினேன். பிரிவு 19, உட்பிரிவு 1, முதல் மேல்முறையீடு. முப்பது நாளுக்குள் செய்திருக்க வேண்டியது. தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்தால் ஏற்கலாம் என்று சட்டம் சொல்கிறது. காரணம் என்ற இடத்தில், 'விண்ணப்பம் எழுதிய கை, விண்ணப்பம் எழுதிய காரணத்தால் வெட்டப்பட்டது. வேறு கை பழக அவகாசம் தேவைப்பட்டது' என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். மனைவி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கேவலமா கீது" என்றாள். "ஆனா உங்கள்துதான்."

தபாலில் அனுப்பியிருக்கலாம். நேரில் கொடுத்து முத்திரை வாங்குவது என் வழக்கம். பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் பேருந்தில் போனேன். பக்கத்து வீட்டுப் பெண்ணும் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். கலெக்டர் அலுவலகத் தபால் பிரிவில் இருந்த எழுத்தர், தலைநிமிராமல் கை நீட்டினார். நான் இடது கையால் நீட்டினேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"படிச்சவங்க மாதிரி தெரியுது. ஆபீசுல பீச்சாங்கையில நீட்றீங்க? சோத்தாங்கையால குடுங்க சார்."

பக்கத்து வீட்டுப் பெண் வாயைத் திறந்தாள். நான் அவளைத் தடுத்துவிட்டு, முழுக்கைச் சட்டையின் வலது கையை மேஜையின் மேல் வைத்தேன். மடித்து ஊசி குத்தியிருந்த வெற்றுத் துணி. அவர் அதைப் பார்த்தார், மேல்முறையீட்டின் முதல் வரியைப் பார்த்தார், கோப்பு எண்ணைப் பார்த்தார். அந்த எண் அவருக்குத் தெரிந்திருந்தது. எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். முத்திரை குத்தும்போது தாள் நகராமல் நான் பிடித்துக்கொண்டேன்.

"என் விண்ணப்ப நகல ஒப்பந்தக்காரருக்கு அனுப்புனது எந்த பிரிவு சார்?" என்று கேட்டேன்.

"விதிப்படி அனுப்பினது சார்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. அதில் எனக்கு மறுப்பில்லை.

மேல்முறையீட்டை முப்பது நாட்களில் முடிக்க வேண்டும், காரணம் எழுதி நீட்டித்தால் அதிகபட்சம் நாற்பத்தைந்து. இரண்டும் கடந்தன. இரண்டாவது மேல்முறையீட்டை எழுத ஆரம்பித்திருந்தேன். இப்போது தினமும் மேஜையில்தான் எழுதுகிறேன், காபிக்கு முன்பு. துள்ளல் எப்போதாவது வரும். வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அது போகும்வரை காத்திருப்பேன்.

ஒரு காலையில் தபால்காரர் பதிவுத் தபாலோடு வந்தார். பழக்கத்தில் மைப்பெட்டியை எடுக்கப் போனார்.

"பேனா குடுப்பா" என்றேன்.

"போடுறீங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே நோட்டை என் பக்கம் திருப்பினார். போட்டேன். குறுகிய கட்டத்துக்குள் அடங்கியது.

உறையைப் பற்களால் கிழித்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஷிப்ட்டுக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தாள். ஒரே பக்கம், ஒரே வரியில் பதில். அனுமதிக்கப்பட்ட ஆழம்: 0.90 மீட்டர்.

"எத்தினி அடி சார்?"

"மூணு அடி. அதுக்கும் கொஞ்சம் கம்மி."

"மூணு அடின்னா?"

இடது கையை நீட்டி, தரையிலிருந்து உயரம் பார்த்து, என் இடுப்பில் வைத்துக் காட்டினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கத்தில் வந்து தன் உள்ளங்கையை அதே உயரத்தில், தன் புருஷன் நின்றால் எங்கே வருமோ அங்கே, வெறும் காற்றில் வைத்தாள்.

"இடுப்புக்குக் கீழதான் சார் வரும்" என்றாள். "முங்கவே முங்காது."

தாளை வாங்கி மடித்து, கம்பெனி அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டு பேருந்துக்கு நடந்தாள். நகல் எடுக்காமல் மூலத்தைத் தருவது நடைமுறை இல்லை. தந்துவிட்டேன். என்னிடம் இருப்பது உறை மட்டும். அதன் மூலையில், பெறப்பட்ட தேதியை என் கையால் எழுதி வைத்திருக்கிறேன்: மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை.